கட்சிக்காரர் சொன்ன ரகசியம், வேறொருவர் இருக்கும் சிறை

கேள்வி: குன்னூர் வாசகி, 9 நவம்பர் 2025, இரவு 9.40

தமிழில் டப் செய்த ஒரு நீதிமன்றத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வழக்கறிஞர் அம்மாவிடம், அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அந்தக் கட்சிக்காரன், "இந்தத் திருட்டு வழக்கு கிடக்கட்டும், அந்தக் கொலையையும் நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கொலைக்காக வேறு ஒருவர் ஏழு வருடமாக உள்ளே இருக்கிறார். இந்த அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. தொழில் தர்மமாம். என் கணவர் அது சரிதான் என்கிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. யாராவது விளக்குங்கள்.

பதில்: 9 நவம்பர், இரவு 11.10

சட்டப்படி உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. உங்களுக்குத் தூக்கம் வராததும் சரிதான். நான் வக்கீல் இல்லை. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வாய்தாவுக்கு வந்த வக்கீல்களும் குமாஸ்தாக்களும் பேசுவதைக் காதில் வாங்கி, புரியாததை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு.

சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவைப் பாருங்கள். கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. வழக்கு முடிந்தாலும், வக்காலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் சொல்லக் கூடாது. அந்தப் பிரிவிலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வந்து "நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்றால் அது ரகசியம். "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து அந்தச் சொத்தை வாங்க வழக்குப் போடுங்கள்" என்றால் அது ரகசியம் ஆகாது. நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றிச் சொன்னால் பாதுகாப்பு உண்டு. இனிமேல் செய்யப்போவதற்கு வக்கீலைத் துணைக்கு அழைத்தால் கிடையாது.

தொடரில் வரும் கொலை நடந்து முடிந்ததுதான். ஆனால் அதற்காக இன்னொருவர் உள்ளே இருப்பது முடியவில்லையே, இன்றைக்கும் நடந்துகொண்டுதானே இருக்கிறது? அதற்கென்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அந்த இடம்தான்.

10 நவம்பர்

கதைக்காகக் கட்டியது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டியது இல்லை, நடந்திருக்கிறது.

1982-ல் சிகாகோவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்டன் லோகன் என்பவரைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அதே வருடம் வேறு கொலை வழக்கில் மாட்டிய ஆண்ட்ரூ வில்சன், காவலாளியைச் சுட்டது தான்தான் என்று தன் வக்கீல்கள் இருவரிடமும் ஒப்புக்கொண்டார். அவர்களால் வெளியே சொல்ல முடியாது. அதனால் லோகன் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். தான் செத்த பிறகு சொல்லலாம் என்று வில்சனிடம் சம்மதமும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் 2007-ல் சிறையிலேயே இறந்தார். 2008-ல் பெட்டியைத் திறந்தார்கள். லோகன் வெளியே வந்தபோது இருபத்தாறு வருடம் போயிருந்தது.

தூக்கு என்று தீர்ப்பாகியிருந்தால் ஏதாவது செய்திருப்போம் என்று அந்த வக்கீல்கள் பின்னால் சொன்னார்கள். ஆயுள் தண்டனை என்பதால் சும்மா இருந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதியை மீறியிருந்தால் அடுத்து வரும் எந்தக் கட்சிக்காரரும் தன் வக்கீலிடம் வாய் திறக்க மாட்டார். ஆனால் தினமும் காலையில் எழுந்து அந்தப் பெட்டி இருக்கும் வீட்டில் காபி குடித்திருப்பார்களே, அதை நினைத்தால்தான்.

அமெரிக்காவிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வக்கீல் விதியில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தப்பான ஆள் தூக்குக்கோ சிறைக்கோ போவதைத் தடுக்க ரகசியத்தை உடைக்கலாம். அப்படி எழுத முடியும் என்பதற்குச் சாட்சியாவது இருக்கிறது.

11 நவம்பர்

திருத்தம். 126 என்று நான் எழுதியது பழைய எண். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 132-ஆம் பிரிவு. சாரம் அதேதான். காலையில் கடைக்கு வந்த ஒரு வக்கீல் சொல்லித் திருத்தினார். போன மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த 132-ஐ வைத்துத்தான், கட்சிக்காரர் விவரம் கேட்டு வக்கீல்களுக்கு விசாரணை அமைப்புகள் இஷ்டத்துக்குச் சம்மன் அனுப்பக் கூடாது என்று சொன்னது என்றும் சொன்னார்.

13 நவம்பர்

நீதிபதி சுத்தியல் தட்டுவது, பகவத் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் செய்வது, இதெல்லாம் தப்பு என்று நான்கு பேர் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். தப்புதான். நம் கோர்ட்டில் சுத்தியல் கிடையாது. 1969-ஆம் வருடச் சட்டப்படி சத்தியம் வாயால் சொல்வதுதான், புத்தகம் வேண்டியதில்லை. ஆனால் இதனால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை, விடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தொடர்களில் வக்கீல் திடீரென்று சாட்சியைப் பார்த்து, "நீங்கள்தானே கொன்றீர்கள்!" என்று விரலை நீட்டுவார். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. கூண்டில் இருப்பவர் உடைந்து அழுவார், வழக்கு முடிந்துவிடும். நிஜத்தில், தகுந்த ஆதாரம் இல்லாமல் ஒருவருடைய நடத்தையின் மேல் களங்கம் சுமத்தும் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்ட வக்கீலைப் பற்றி நீதிபதி மேலே எழுதலாம் என்றும் இருக்கிறது. ஹீரோவாகக் காட்டுகிற ஆள் செய்வது விதிமீறல்.

அதைவிடப் பெரியது ஒன்று. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகளில் 15-ஆம் விதி எல்லாருக்கும் தெரியும்: ஆள் குற்றவாளி என்று தனக்குத் தோன்றினாலும் வக்கீல் அவருக்காக வாதாட வேண்டும். அதற்கு அடுத்த 16-ஆம் விதியை எந்தத் தொடரிலும் நான் கேட்டதில்லை. அது சர்க்கார் வக்கீலுக்கு. நிரபராதி தண்டிக்கப்படும்படி வழக்கு நடத்தக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருப்பதை மறைக்கவே கூடாது. சர்க்கார் வக்கீல் வேலை ஜெயிப்பது இல்லை என்று ஒரு எபிசோடில் யாராவது சொன்னால் நான் சந்தோஷப்படுவேன்.

இன்னொன்று. இலவச சட்ட உதவியில் வரும் வக்கீலைத் தொடர்களில் தூங்குமூஞ்சியாகக் காட்டுகிறார்கள். உதகை நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை வசதி கேட்டு 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கும் ஒருவர் மாலை நாலரை மணிக்குக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தால் எப்படி இருக்கும்? தப்பான தீர்ப்புக்கு இதெல்லாமும் காரணம்தான்.

14 நவம்பர், இரவு

இவ்வளவு எழுதிவிட்டேன், என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1998 ஐப்பசி. எனக்கு இருபத்து மூன்று வயது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வந்து, "தம்பி, ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம்" என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். எஸ்டேட் பங்களா ஒன்றில் திருட்டு. பிடிபட்ட ஆள் ஒப்புக்கொண்டு, தேயிலைச் செடிக்கு அடியில் புதைத்த வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தானாம். அதற்கு மகஜர், அதாவது பொருளைக் கண்டெடுத்ததை எழுதி வைக்கும் பத்திரம். உள்ளூர்க்காரர் இரண்டு பேர் பார்த்ததாகக் கையெழுத்து வேண்டும்.

நான் எந்தத் தேயிலைச் செடியையும் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தது ஸ்டேஷன் மேஜை மேல். நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். காகிதம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. விளக்கின் தண்டில் ஒரு பொட்டு மண் இல்லை. மூன்று நாள் மழையில் மண்ணுக்குள் கிடந்த பொருள். எனக்கு அப்போதே தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரியாதவர்களுக்கு: போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சட்டத்தில் அது 27-ஆம் பிரிவு. ஆக, ஒரு ஆளை உள்ளே தள்ள ஒரு பொருளும், அதை எடுத்ததைப் பார்த்ததாக இரண்டு கையெழுத்தும் போதும். அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.

15 நவம்பர்

"அப்படியானால் அவர் நிரபராதி" என்று எழுதியவருக்கு. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் திருடினாரா என்பது எனக்குத் தெரியாது. அவர்தான் திருடர் என்று போலீஸ்காரர்கள் மனசார நம்பியிருக்கலாம். நம்பியதால்தான் விளக்கைச் செடிக்கு அடியில் இருந்து எடுத்த மாதிரி எழுதியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது, நான் பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன் என்பது மட்டும்.

தொடரில் கடைசி எபிசோடில் உண்மைக் குற்றவாளி சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். நிஜத்தில் பெரும்பாலும் அப்படி யாரும் வருவதில்லை. நிரூபிக்க முடியவில்லை என்று ஆள் வெளியே வருவார், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அவரைத் திருடன் என்றேதான் சொல்வார்கள்.

17 நவம்பர்

டிவித் தொடரால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிற பேச்சுக்கு: பிரிட்டன் தபால் நிலைய வழக்கைப் படியுங்கள்.

ஹொரைசன் என்று ஒரு கணக்கு மென்பொருள், ஃபுஜிட்சு கம்பெனி செய்து கொடுத்தது. அதில் பிழை இருந்தது. கிளைத் தபால் நிலையம் நடத்தியவர்களின் கல்லாவில் பணம் குறைவதாகக் கணக்குக் காட்டியது. 1999-இல் இருந்து 2015-க்குள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கிளைத் தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் விடாமல் போராடி, 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019-ல் மென்பொருளில்தான் கோளாறு என்று கோர்ட்டே சொன்னது. அப்படியும் பெரும்பாலானவர்களின் தண்டனை அப்படியே இருந்தது. 2024 ஜனவரியில் ஐடிவி சேனலில் நாலு பகுதித் தொடராக இந்தக் கதை வந்தது. ஊரே கொதித்தது. அதே வருடம் மே மாதம் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தது.

இதில் எனக்கு ஒட்டிக்கொண்ட விஷயம், பல வழக்குகளை நடத்தியது தபால் நிறுவனமே. புகார் கொடுத்ததும் அவர்கள், விசாரித்ததும் அவர்கள், வக்கீல் வைத்து வழக்கு நடத்தியதும் அவர்கள். மென்பொருளில் பிழை உண்டு என்பதற்கான தகவல் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவில்லை. முந்தாநாள் இல்லை, 13-ஆம் தேதி எழுதினேனே 16-ஆம் விதி, அதேதான்.

எங்கள் ஊர்க் கிளைத் தபால் நிலையம் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. அங்கே இருந்த அம்மா பென்ஷன் பணத்தை மூன்று தடவை எண்ணுவார். ஒரு ரூபாய் குறைந்தால் தன் சுருக்குப்பையில் இருந்து போடுவார். அந்தப் பிரிட்டன் ஆட்களும் அப்படித்தான் தங்கள் சேமிப்பில் இருந்து போட்டு நிரப்பினார்கள். அவர்களையா திருடர்கள் என்றார்கள்!

19 நவம்பர்

நம் ஊர் உதாரணம் கேட்டார் ஒருவர். தியாகராஜ பாகவதரை விடவா?

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாகி, விசாரணையில் விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஜூரி விசாரணையில் ஆயுள் தண்டனை. ஜூரிகள் எல்லாரும் ஒரே முடிவாகக்கூட இல்லை. 1947-ல் பிரிவி கவுன்சில், அதாவது அப்போது லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், விடுதலை செய்தது.

என்.எஸ்.கே. திரும்ப வந்து நடித்தார், சிரிக்க வைத்தார். பாகவதரால் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்று தீபாவளி ஓடிய படம் கொடுத்தவர் பிறகு கொடுத்த எதுவும் எடுபடவில்லை. 1959-ல் இறந்துபோனார். என் பாட்டி அவர் பாட்டை ரேடியோவில் கேட்டால் வேலையை நிறுத்திவிடுவார். "பாவி மனுசன, செய்யாத தப்புக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

20 நவம்பர்

மேலே எழுதியதில் தப்பு. பிரிவி கவுன்சில் நேரடியாக விடுதலை செய்யவில்லை. மேல்முறையீட்டைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே வி.எல்.எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் விடுதலை. அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

23 நவம்பர், விடிகாலை 3.20

14-ஆம் தேதி எழுதியதில் பாதியைத்தான் சொன்னேன். அப்புறம் மற்றவர்களின் வழக்குகளைப் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளாக மனசு அரிக்கிறது.

கையெழுத்தோடு முடியவில்லை. 2000-ல் சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போனேன். என்னோடு கையெழுத்துப் போட்ட இன்னொருவர் எனக்கு முன்னால் கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கலைங்க, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிறழ் சாட்சி, அதாவது போலீஸ் தரப்புக்கு எதிராக மாறிவிட்ட சாட்சி, என்று எழுதிக்கொண்டார்கள். இறங்கி வரும்போது என்னைப் பார்த்தார். அடுத்து டவாலி என் பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வராந்தாவில் ஸ்டேஷன்காரர் ஒருவர் நின்றிருந்தார். மிரட்டவில்லை. "கடை நல்லா ஓடுதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல் எழுந்தார். முதல் கேள்வி, "அன்றைக்கு மழையா?" ஆமாம். இரண்டாவது கேள்வி, "விளக்கில் மண் ஒட்டியிருந்ததா?"

சரியான கேள்வி. அந்தக் கேள்வியை எப்படி யோசித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காய்ந்த நியூஸ்பேப்பர் கண் முன்னால் வந்தது. கூண்டின் மரக் கம்பியில் யாரோ நகத்தால் கீறிய ஒரு கோடு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு "இருந்தது" என்றேன்.

இரண்டு வருடம் தண்டனை. அந்தத் தீர்ப்பின் நகலை நானே பின்னால் என் கடை மிஷினில் ஜெராக்ஸ் போட்டுப் படித்திருக்கிறேன். என் சாட்சியத்தை "நம்பத்தகுந்தது" என்று எழுதியிருக்கிறது. கோவை மத்திய சிறைக்குக் கொண்டுபோனார்கள். உதகை செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு, பதினொரு மாதம் கழித்து விடுதலை. விளக்கு தன்னுடையதுதானா என்று பங்களாக்காரராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஒரு சாட்சி பிறழ்ந்துவிட்டார், சந்தேகத்தின் பலன்.

தண்டனை பெற்றவர் எஸ்டேட் தொழிலாளி. சிலோனில் இருந்து வந்த குடும்பம். எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான். அவர் உள்ளே போனதும் சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மழைக்காலம் முழுவதும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். அந்த அம்மா எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அப்பாதான் எடுத்துக் கொடுப்பார். அந்தத் தொழிலாளி வெளியே வந்ததும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னவரின் பெயருக்கு எதிரே பிறழ் சாட்சி என்று இருக்கிறது. என் பெயருக்கு எதிரே நம்பத்தகுந்தவர் என்று இருக்கிறது.

23 நவம்பர், காலை

மேலே எழுதியதை அழிக்கட்டுமா என்று குழு நிர்வாகி கேட்டிருக்கிறார். வேண்டாம். இருக்கட்டும்.

25 நவம்பர்

நஷ்டஈடு பற்றிக் கேட்டவருக்கு. அந்தப் பதினொரு மாதத்துக்கு அவருக்கு ஒரு பைசா கிடைத்திருக்காது. தப்பாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இவ்வளவு என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1983-ல் ருதுல் சா வழக்கு: பீகாரில் விடுதலை ஆன பிறகும் பதினாலு வருடம் ஜெயிலிலேயே வைத்திருந்தார்கள், மாநில அரசு ஏற்கனவே கொடுத்திருந்த 5,000 போக இன்னும் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2019-ல் மகாராஷ்டிராவில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆறு பேர் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள், ஆளுக்கு 5 லட்சம். சட்ட ஆணையம் 2018-ல் 277-ஆவது அறிக்கையாகவே, இதற்குச் சட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. இந்த வருடம் ஜூலையில், சுருளி அருவிப் பக்கம் நடந்த இரட்டைக் கொலையில் தூக்கு விதிக்கப்பட்டிருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்ட விதத்தில் ஓட்டைகள். அந்தத் தீர்ப்பிலும் நஷ்டஈடு பற்றிச் சட்டம் இயற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும் என்று இருக்கிறது. யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், "இப்படிப்பட்டவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்று எழுதுகிறவர்கள் கவனிக்க. கோவை வக்கீல் சங்கம் ஒரு மோதலுக்குப் பிறகு போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரித் தீர்மானங்கள் செல்லவே செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதம் என்று சொல்லிவிட்டது. போலீஸ்காரருக்கும் வக்கீல் வேண்டும். பொய்ச் சாட்சி சொன்னவனுக்கும் வேண்டும்.

30 நவம்பர்

நேற்று சாயங்காலம் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி பேட்டரி திருட்டு. பையன் ஒருவனைப் பிடித்து, பொருளை எடுக்கும்போது சாட்சி வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். கை நடுங்கியது உண்மை. ஆனால் போனேன்.

குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-ஆம் பிரிவில், சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். இளம் போலீஸ்காரர் போனைப் பிடித்தார். நல்ல பனிமூட்டம். எட்டிப் பார்த்தேன், திரையில் வெள்ளையாகப் புகைதான் தெரிந்தது. "தம்பி, இதில் ஒன்றும் தெரியாது, டார்ச்சைப் பொருள் மேல் அடியுங்கள், நம்பர் தெரியட்டும்" என்றேன். முகம் சுளிக்கவில்லை. கீழே மண்டியிட்டு, பேட்டரி நம்பரை வாய்விட்டுப் படித்து, அது இருந்த பள்ளத்தையும் காட்டினார். மகஜரை மூன்று தடவை படித்தேன். மணி ஆறு என்று எழுதியிருந்ததை ஆறே முக்கால் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். "நாளைக்குக் கூண்டில் ஏறினா எனக்கும் இதுதாண்ணா நல்லது" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

4 டிசம்பர்

குன்னூர் வாசகிக்கு. தொடர் முடிந்துவிட்டது. அந்த வழக்கறிஞர் அம்மா கடைசிவரை சொல்லவில்லை, வேறு வழியில் உண்மை வெளியே வந்துவிடுகிறது. எழுதியவர்கள் கஷ்டமான இடத்தில் இருந்து நழுவிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

என் பதிலைக் கேட்டீர்கள். முதல் நாள் சட்டத்தைச் சொன்னேன். இப்போது நினைப்பது: பூட்டு அந்த வக்கீலின் வாய்க்கு மட்டும்தான். வீட்டுக்காரர், காவலாளி, மகஜர் சாட்சி, போலீஸ்காரர், சர்க்கார் வக்கீல், இவர்களில் யாருக்கும் பூட்டு இல்லை. ஏழு வருடமாக ஒருவர் உள்ளே இருக்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் சும்மா இருந்திருக்க வேண்டும். தொடர் அவர்களை ஒரு நிமிடம்கூடக் காட்டவில்லை. மாசசூசெட்ஸ் மாதிரி நம் 132-லும் ஒரு வரி வேண்டும் என்று நினைக்கிறேன். என் கடைக்கு வரும் வக்கீல்களில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கு வழக்கில் அந்த மனிதர் தன் வக்கீலிடம் எதையாவது ஒப்புக்கொண்டாரா, இல்லையா என்பது அந்த இளம் வக்கீலுக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மண் பற்றிய கேள்வியைக் கேட்க அது தேவைப்படவும் இல்லை.

7 டிசம்பர்

கடைசி எபிசோடை அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார். எண்பத்தொன்று ஆகிறது. முடிந்ததும், "அந்த விளக்குக் கேஸ் ஆளோட சம்சாரம், அது பேரு என்னடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்றைக்குக் காலையில் பரண் மேல் ஏறி அப்பாவின் பழைய கடன் நோட்டுகளை எடுத்தேன். செல்லரித்தது போக 2000-ஆம் வருட நோட்டு இருந்தது. பெயர் இல்லை. அப்பா எல்லாரையும் வீட்டை வைத்துத்தான் எழுதுவார். "நாலாம் லைன், மூணாவது வீடு." பாக்கி 412 ரூபாய். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தேதி போட்டிருக்கிறார். நான் சாட்சி சொன்னதற்கு மறுநாள்.

அதற்குக் கீழேயும் வரிகள் இருக்கின்றன. அரிசி இரண்டு கிலோ, துவரம்பருப்பு கால் கிலோ, தீப்பெட்டி, அரிசி இரண்டு கிலோ, உப்பு. எல்லாம் அப்பாவின் கையெழுத்து. தொகை எழுதும் பக்கம், அவர்கள் ஊரை விட்டுப் போன மாதம் வரைக்கும் காலியாக இருக்கிறது.